படியில் அளந்ததும் பாட்டிலில் அடைத்ததும்

இருபத்து மூன்று வயதில் வேர்க்கடலையைத் தின்று காசு மிச்சம் பிடித்து பீனட் பட்டர் வாங்கினேன். அறுபதைத் தாண்டிய பிறகு பீனட் பட்டரை வீட்டிலேயே அரைத்துக் காசு மிச்சம் பிடிக்கிறேன். இந்த இரண்டு மிச்சத்துக்கும் நடுவே கழிந்துபோன நாற்பது சொச்சம் ஆண்டுகளுக்குத்தான் முன்னேற்றம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும். உங்களுக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கும். கடலையில் இல்லாவிட்டால் கம்பங்கூழில், வேப்பங்குச்சியில், மண்பானைத் தண்ணீரில் எதிலாவது இருக்கும். சும்மா கிடைத்த காலத்தில் முகம் சுளித்துத் தள்ளிவிட்டு, அதையே கண்ணாடி அலமாரியில் விலைச்சீட்டோடு பார்த்ததும் பர்ஸைத் திறந்த ஏதோ ஒன்று.

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில், செம்மண் கொல்லையும் பாறைக் குன்றும் மாறிமாறி வருகிற பூமி எங்களுடையது. பட்டணத்தார் வேர்க்கடலை என்பதும், மண்டிக்காரர் சீட்டில் மணிலா என்று எழுதுவதும், பள்ளிக்கூடப் புத்தகம் நிலக்கடலை என்று மரியாதையாக அழைப்பதும் எங்களுக்கு மல்லாட்டை. உரித்துவிட்டால் பயிறு. ஆடியில் மழையை நம்பி ஒரு விதைப்பு. கிணற்றில் தண்ணீர் நின்றால் மார்கழியில் இன்னொன்று. ஊரில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம், எந்த வீட்டுக் கூரை ஓடாக மாறும், எவன் டவுனுக்குப் படிக்கப் போவான் என்பதெல்லாம் 80 கிலோ மூட்டைக்கு மண்டியில் என்ன விலை விழுகிறது என்பதைப் பொறுத்தே இருந்தது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. அங்கிருந்து 1940-ல் வந்த டி.எம்.வி. 2 என்ற ரகம் மாநில எல்லைகளைத் தாண்டி விதைக்கப்பட்டது. எங்கள் தாலுகாவின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு விதை ஊர் ஊராகப் போயிருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொள்ள அப்போது எவருக்கும் தோன்றவில்லை. பெருமைப்பட அதில் என்ன இருக்கிறது, மல்லாட்டைதானே!

செடி பிடுங்குகிற நாட்களில் பள்ளிக்கூடம் தானாகவே பாதி காலியாகிவிடும். வேப்பமர நிழலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, மடியில் செடியைப் போட்டுக்கொண்டு காய் ஆய்வார்கள்; கை ஒரு பக்கம், கதை ஒரு பக்கம். மாலையில் ஆய்ந்ததை அளந்து, இத்தனை படிக்கு ஒரு படி என்று கூலியும் காயாகவே போகும். அவர்கள் எழுந்து போனபிறகு வெறும் கொல்லை எங்கள் வசமாகும். காம்பு அறுந்து மண்ணுக்குள் தங்கிவிட்ட காய்களைக் களைக்கொட்டால் கிளறிக் கிளறிப் பொறுக்குவோம். அதற்குக் கூலியும் இல்லை, கேட்பாரும் இல்லை; பொறுக்கியவனுக்கே சொந்தம். காய்ந்த செடியையே மூட்டி, அதில் காயைப் போட்டுச் சுட்டு, பாதி கரிந்தும் பாதி பச்சையுமாக, உதடெல்லாம் கரியோடு தின்றோமே, அந்த ருசியை இன்றைக்கு எந்தக் கம்பெனியாவது 'ஸ்மோக்ட்' என்று ஒரு சீட்டு ஒட்டி விற்குமானால், நான்தான் முதல் ஆளாகப் போய் நிற்பேன், அதன் விலையைப் பார்த்துப் புலம்புகிற முதல் ஆளும் நானாகத்தான் இருப்பேன்.

விதைப்புக்கு முன்னால் ராத்திரியில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து காய் உடைக்கும் வேலை இருக்கும். ஆயா ஒரு சட்டம் வைத்திருந்தாள்: ஒன்று வாய்க்கு, நாலு முறத்துக்கு. நாங்கள் அந்தச் சட்டத்தை மீறவில்லை, எண்களை மட்டும் கொஞ்சம் இடம் மாற்றிக்கொண்டோம். அவளுக்கும் தெரியும். எத்தனை திருடினாலும் விரல் நகம் வலிக்கிற அளவுக்குத்தானே திருட முடியும் என்று அவள் நிம்மதியாக இருந்தாள். அந்த நிம்மதியின் அறிவு எனக்கு விளங்க இத்தனை காலமாகியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உடைத்ததில் கொஞ்சம் மணலில் வறுபடும். முறத்தில் கொட்டி, உள்ளங்கையால் தேய்த்து, புடைத்தால் தோல் பறந்து வாசல் முழுக்கச் சிவப்பாக விழும். வெல்லத்தோடு உரலில் போட்டு இடித்து உருண்டை பிடிப்பாள். உருண்டை பிடித்து முடித்தபின் உரல் குழியின் அடியில் ஒரு பிசின் தங்கும். உலக்கை அதிகமாக விழுந்த இடம் அது. பயிறு தூளாகி, தூள் எண்ணெய் விட்டு, எண்ணெயில் வெல்லம் இளகி, பளபளவென்று கிடக்கும். வீட்டில் கடைக்குட்டி யாரோ அவருக்கு அது உரிமை. ஆள்காட்டி விரலை வளைத்து வழித்து நக்கினால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சீக்கிரம் இறங்காது. அதற்கு எங்கள் வீட்டில் பெயர் கிடையாது. அடியில் ஒட்டியது என்பார்கள். பாத்திரம் கழுவுவதற்கு முந்தைய ஒரு கட்டம், அவ்வளவுதான்.

அந்த உருண்டையைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போக எனக்கு வெட்கம். எங்கள் வகுப்பில் ஒரு அதிகாரியின் மகன் இருந்தான். அவன் டிபன் பெட்டியில் வெள்ளை ரொட்டி, அதன்மேல் அமுல் வெண்ணெய். அவன் மெல்லும்போது சத்தமே வராது. நாங்களோ கடலை உருண்டையைக் கடித்தால் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும். சத்தமில்லாமல் சாப்பிடுவதுதான் நாகரிகம் என்று அன்றைக்கு எனக்குள் ஒரு முடிவு ஏற்பட்டது. ரொட்டியின் மேல் எதையாவது தடவித் தின்கிற வாழ்க்கைக்கு ஒருநாள் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்பதே என் லட்சியமாக இருந்தது. கலெக்டர் ஆவது அதற்கு அடுத்தபடிதான்.

கலெக்டர் ஆகவில்லை. குமாஸ்தாவாகி, திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்று கட்டிலுள்ள அறையில் நடுக்கட்டிலுக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்தேன். மாதத்தின் முதல் பத்து நாள் மெஸ்ஸில் சாப்பாடு, அடுத்த பத்து நாள் டிபன், கடைசிப் பத்து நாள் கடலை. அந்த வழியில் வந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். பைகிராப்ட்ஸ் ரோட்டில் இருட்டுகிற நேரத்துக்கு வண்டி வந்து நிற்கும். இருப்புச்சட்டியில் மணல், மணலுக்குள் கடலை, சட்டியின் விளிம்பில் கரண்டி தட்டுகிற அந்த ஓசை. ஒரு பொட்டலமும் இரண்டு வாழைப்பழமும் வாங்கிக் கடற்கரைக்கு நடந்தால் இராச்சாப்பாடும் ஆயிற்று, காற்றும் வாங்கியாயிற்று. மேலே ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டால் கடலை வயிற்றில் ஊறி, விடிகிறவரை பசி என்ற பேச்சே இராது. எடையில் கால்பங்கு புரதம், பாதி எண்ணெய் என்ற கணக்கெல்லாம் தெரியாமலேயே சென்னையில் ஒரு தலைமுறைப் பிரம்மச்சாரிகளை அந்த வண்டிக்காரர்கள் கட்டிக் காத்தார்கள்.

பொட்டலக் காகிதத்துக்கு ஒரு தனி வணக்கம் வைக்க வேண்டும். தின்று முடித்ததும் கூம்பைப் பிரித்து, தெருவிளக்கின் கீழ் வாசிப்பது அந்தச் சாப்பாட்டின் இரண்டாவது பகுதி. ஒருநாள் தொடர்கதையின் நடு அத்தியாயம். கதாநாயகி கிணற்றடியில் நிற்கிறாள், காகிதம் தீர்ந்துபோகும். அவள் குதித்தாளா, தண்ணீர் சேந்திக்கொண்டு வீட்டுக்குப் போனாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இன்னொருநாள் எவனோ ஒரு மாணவனின் சரித்திர விடைத்தாள். அசோகருக்குப் பதிலாக அக்பரை மரம் நட வைத்திருந்தான், ஆசிரியரும் இரக்கப்பட்டு அரை மார்க் போட்டிருந்தார். கடலை வாங்கினால் இலக்கியமும் கல்வியும் இனாமாக வந்த காலம்.

இப்படிக் கடலையாலேயே மிச்சம் பிடித்த காசை வைத்துக்கொண்டு என்ன செய்தேன் என்பதுதான் விஷயம். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஜனங்கள் பிழைப்பதற்காக உண்டான கடை வரிசை. கப்பலில் வந்தது, சூட்கேஸில் வந்தது, எப்படி வந்தது என்று கேட்கக்கூடாதது என மூன்று வகைச் சரக்கும் அங்கே உண்டு. டேப் ரெக்கார்டருக்கும் சென்ட் பாட்டிலுக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஜாடி நின்றது. உள்ளே தங்க நிறத்தில் ஏதோ. சீட்டில் உடைத்த மல்லாட்டையின் படம். நண்பர்கள் அறையில் கிடந்த ஆங்கில காமிக்ஸ் புத்தகங்களில் அமெரிக்கச் சிறுவர்கள் ரொட்டியில் தடவித் தின்பதைப் படத்தில் பார்த்திருக்கிறேன். அது இதுதான் என்று தெரிந்ததும், அதிகாரி மகனின் டிபன் பெட்டி கண்முன் வந்து நின்றது. கடைக்காரர் சொன்ன விலை எனக்கு இரண்டு நாள் சம்பளத்துக்கு மேல். அன்றிலிருந்து மாதத்தின் நடுப் பத்து நாளும் கடலைக்கு மாறியது. மல்லாட்டையைத் தின்று, தின்று, தின்று, கடைசியில் போய் மல்லாட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதை அறையில் திறக்க மனம் வரவில்லை. பொங்கலுக்கு ஊருக்கு எடுத்துப் போனேன். கூடத்தில் வைத்துத் திறந்தபோது தெருவே வந்திருந்தது. ஆளுக்கு ஒரு விரல். ஆயா அதை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, பரிசோதனைக்கூட முகத்தோடு கொஞ்ச நேரம் இருந்தாள்.

"வறுப்பு பத்தலடா. பச்ச வாசன இன்னும் போகல."

"ஆயா, இது அமெரிக்கா."

"எந்த ஊரா இருந்தா என்ன, இன்னும் ரெண்டு பெரட்டு பெரட்டியிருக்கணும். வெல்லத்துக்குப் பதிலா சக்கரையப் போட்டிருக்கான், அதான் தொண்டையில நிக்குது."

அப்பா விலையை மட்டும் கேட்டார். சொன்னேன். "இந்தக் காசுக்கு ரெண்டு மரக்கா பயிறு வருமேடா" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அந்த மாடு அப்போது கடலைப் புண்ணாக்கு தின்றுகொண்டிருந்தது. ஆக அன்றைய தேதியில் எங்கள் வீட்டில் மல்லாட்டைக்கு மிக அதிக விலை கொடுத்துத் தின்றவன் நான் ஒருவனே. ஜாடி காலியானதும் ஆயா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மூடி இறுக்கமாக இருந்ததாம், எறும்பு ஏறாதாம். அவள் காலம் முடிகிறவரை அதில் கட்டிப் பெருங்காயம் இருந்தது. அமெரிக்கா எங்கள் வீட்டில் நிலைத்து நின்றது அந்த மூடியில் மட்டும்தான்.

பிற்பாடு, படிக்கப் பொழுது கிடைத்த வயதில், அந்த ஜாடியின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். வறுத்த கடலையை அரைத்துப் பசையாக்கும் முறைக்கு 1884-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியவர் மான்ட்ரியலைச் சேர்ந்த மார்செலஸ் கில்மோர் எட்சன். கார்ன்ஃபிளேக்ஸ் புகழ் டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக் 1895-ல் தன் முறைக்கு விண்ணப்பம் போட்டார். பேட்டில் கிரீக்கில் அவர் நடத்திய சானடோரியத்துக்கு வந்த வசதியான நோயாளிகளுக்கு மாமிசத்துக்குப் பதில் கொடுக்கிற பத்தியச் சாப்பாடு. அவர் கடலையை வறுக்கவே இல்லை, வேகவைத்து அரைத்தார் என்று படித்தபோது ஆயாவை நினைத்துக்கொண்டேன். வறுப்பு பத்தாததற்கே அப்படிச் சொன்னவள், டாக்டரை என்ன சொல்லியிருப்பாளோ! நியூயார்க்கின் நாகரிகத் தேநீர் விடுதிகளில் சீமாட்டிகள் தின்ற பண்டமாக அது அங்கே வாழ்க்கையைத் தொடங்கியிருக்கிறது. மெஷின் வந்து, விலை இறங்கி, பஞ்ச காலத்திலும் போர்க் காலத்திலும் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சாப்பாடாக முடிந்தது. அங்கே மாளிகையிலிருந்து குடிசைக்கு இறங்கிய பண்டம், இங்கே கொல்லையிலிருந்து மாலுக்கு ஏறியிருக்கிறது. நடுவழியில் எங்கேயோ இரண்டும் சந்தித்துக் கும்பிடு போட்டிருக்க வேண்டும். அந்த இடம் பர்மா பஜாராக இருக்கலாம்.

எங்கள் மல்லாட்டைக்கும் வெளிநாட்டு யோகம் இல்லாமல் இல்லை. தாத்தாக்களின் காலத்தில் தென்னாற்காட்டுக் கடலை மாட்டுவண்டியில் புதுச்சேரிக்குப் போய், கப்பலேறி மார்செய்லுக்குப் போனது. அங்கே எண்ணெய் ஆலைகளும் சோப்புப் பட்டறைகளும் அதற்காகக் காத்திருந்தன. நாங்கள் சீயக்காயும் பயத்தமாவும் தேய்த்துக்கொண்டிருந்த நாளில் எங்கள் கொல்லை விளைச்சலைத் தேய்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் குளித்தார்கள். அந்தக் கடனை அவர்கள் ஒருவகையில் தீர்த்தும்விட்டார்கள். 1996-ல் ஆந்த்ரே பிரியாண் என்ற பிரெஞ்சுக் குழந்தை மருத்துவர், கடலைப் பசையில் பால்பொடியும் சர்க்கரையும் எண்ணெயும் வைட்டமினும் கலந்து, கிழித்து அப்படியே வாயில் பிழியும் உறையில் அடைக்கிற முறையை உருவாக்கினார். தண்ணீர் வேண்டாம், அடுப்பு வேண்டாம். ஆப்பிரிக்காவில் பசியில் ஒட்டிப்போன எத்தனையோ குழந்தைகளை அது தேற்றியிருக்கிறது. மற்ற முன்னேற்றங்களைப் பற்றியெல்லாம் நான் கேலி பேசுவேன். இதைப் பற்றிப் பேசமாட்டேன்.

கேலிக்கு வேறு இடம் நிறைய இருக்கிறது. அரைத்த கடலையிலிருந்து எண்ணெய் பிரிந்து மேலே மிதப்பது இயற்கை. அமெரிக்காவில் 1920-களில் ஜோசப் ரோஸ்ஃபீல்டு என்பவர் எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்கி, பிரியாமல் நிற்க வைத்தார். அதே வித்தையைக் கடலை எண்ணெயில் காட்டித்தான் நம் ஊரில் 1937-ல் டால்டா வந்தது. பனைமரம் போட்ட டின்னை நம் பெற்றோர் எவ்வளவு பயபக்தியோடு வாங்கினார்கள்! நெய்க்குப் பதிலாக அதை ஊற்றிப் பலகாரம் சுட்டு, பிறகு அது கெடுதல் என்று சொன்னதும் ரீபைண்டுக்குத் தாவி, மணமும் நிறமும் இல்லாத எண்ணெய்தான் சுத்தம் என்று நம்பி, கடலை என்றாலே கொழுப்பு என்று பயந்து நடுவில் சில காலம் அதைத் தீண்டாமலேயே இருந்தோம். செக்குக்காரர் மாட்டை விற்றார், செக்கு மரம் வெயிலில் வெடித்தது. இன்றைக்கு என் தெருமுனையில் 'மரச்செக்கு எண்ணெய்' என்று பலகை போட்டு ஒரு குளிர்சாதனக் கடை. ரீபைண்டைவிட விலை எவ்வளவோ அதிகம். மணம் இருக்கிறதே, அதற்குத்தான் அந்த அதிகப்படிக் காசு. மணத்தை எடுப்பதற்கு ஒரு தலைமுறை பணம் கொடுத்தது, எடுக்காமல் விடுவதற்கு அடுத்த தலைமுறை கொடுக்கிறது.

ஜாடி விஷயமும் அப்படியே. அமெரிக்காவில் பீனட் பட்டர் என்று பெயர் வைத்தால் அதில் கடலை எத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று 1959-ல் ஆரம்பித்த சண்டை 1971-ல்தான் ஓய்ந்தது. அரசாங்கம் 90 என்றது. கம்பெனிகள் 87 போதும் என்றன. மூன்று சதவீதத்துக்குப் பன்னிரண்டு வருஷம்! கடைசியில் 90 என்று முடிவானது. என் மகன் உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போகத் தொடங்கியதும் எங்கள் வீட்டுக்குள் வந்த ஜாடியில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. நூறு சதவீதம் கடலை. உப்பு இல்லை, சர்க்கரை இல்லை, வேறு எதுவும் இல்லை என்று சீட்டு முழுக்க இல்லைகள். இல்லை கூடக்கூட விலையும் கூடுகிறது. பொட்டலக் காகிதம் வாசித்துப் பழகிய கண், அந்தச் சீட்டையும் கடைசி வரி வரை வாசித்தது. கலோரி, கொழுப்பு, புரதம், 'வேர்க்கடலை இருக்கிறது' என்று ஒவ்வாமைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கிணற்றடியில் யாரும் நிற்கவில்லை.

ஒரு கிலோ ஜாடியின் விலையைப் பார்த்தேன். மாம்பலத்தில் ஒரு கிலோ பயிறு விற்கிற விலையைப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் அப்பாவின் இரண்டு மரக்கால் எட்டிப் பார்த்தது. இனி இந்த வீட்டில் கடைப் பசை நுழையக்கூடாது என்று தீர்மானித்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மிக்சியின் வயதை மட்டும் நினைவுபடுத்தினாள்.

செய்முறை எளிது, பொறுமைதான் விலை. சொத்தையும் பூஞ்சை நிறம் கண்டதும் சுருங்கியதும் போகப் பொறுக்க வேண்டும். பூஞ்சைக் கடலையில் விஷம் இருக்கும், அது வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஆயா காரணம் தெரியாமலே அதைக் கோழிக்குக்கூடப் போடமாட்டாள். அடிகனமான சட்டியில் சின்னத் தீயில் வறுத்து, ஆறவிட்டு, தோல் தேய்த்துப் புடைக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டில் முறமும் கிடையாது, தோல் பறக்க வாசலும் கிடையாது. பால்கனியில் நின்று ஊதினேன், கீழ்வீட்டார் காயப்போட்ட வேட்டியில் போய் இறங்கியது. ஒரு கிலோ பயிறுக்கு ஈரமும் தோலும் போக 900 கிராம் சொச்சம் தேறும். மிக்சியில் முதலில் பொடியாகும். பிறகு ஈரமான புட்டுமாவு மாதிரி சுவரில் அப்பிக்கொண்டு பிளேடுக்கு அகப்படாமல் நிற்கும். இங்கேதான் நிறையப் பேர் எண்ணெய் ஊற்றிவிடுகிறார்கள். ஊற்றக்கூடாது. நிறுத்தி, வழித்துவிட்டு, மோட்டார் ஆறக் காத்திருந்து, மறுபடி ஓட்டினால், எல்லாம் ஒரே கட்டியாகத் திரண்டு தடதடவென்று அடிக்கும். பிறகு சட்டென்று தன் எண்ணெயைத் தானே விட்டு, குழைந்து, சத்தம் அடங்கி, பளபளத்துச் சுழலும். மூடியைத் திறந்தேன். உரல் அடியில் ஒட்டியது, அதே நிறத்தில், அதே மணத்தில், கிட்டத்தட்ட ஒரு கிலோ. விரலை வளைத்துக்கொண்டுதான் வழித்தேன். அந்த வளைவு கைக்கு மறந்திருக்கவில்லை.

"ஏங்க, மிச்சம் எவ்வளவு?" என்று மனைவி கேட்டாள்.

"பாதிக்குப் பாதி" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"அந்தப் பிளேடுக்கு அடியில ஒட்டியிருக்கறதக் கழுவற வேல எந்தக் கணக்குல வரும்?"

ஆயாவின் கை எந்தக் கணக்கில் வந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மல்லாட்டை சும்மா கிடைத்தது என்று இத்தனை நேரம் எழுதிக்கொண்டு வந்தேன் அல்லவா, அது எனக்குத்தான் சும்மா. பிடுங்கியதும் ஆய்ந்ததும் உடைத்ததும் வறுத்ததும் இடித்ததும் யாரோ பெண்களின் கை. அதைச் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தால் உருண்டை ஒன்றின் விலை பர்மா பஜாரைத் தோற்கடித்திருக்கும். மனைவி அதற்குமேல் பேச்சை வளர்க்காமல், மிக்சி ஜாரில் அரை தம்ளர் வெந்நீர் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, அந்தத் தண்ணீரை அப்படியே அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கத்தரிக்காய்க் குழம்பில் ஊற்றினாள். அன்றைக்கு நடந்ததில் உண்மையான சிக்கனம் அது ஒன்றுதான். குழம்பும் பிரமாதம்.

பசை கதைக்கு வருகிறேன். கடை ஜாடி எங்கள் வீட்டில் ஒரு மாதம் வரும். நான் அரைத்தது அதில் பாதி நாள்கூடத் தாங்கவில்லை. மகன் காலையில் ஓட்ஸில் கலக்கிறான். நான் மத்தியானம் யாரும் பார்க்காத நேரத்தில் பிரிட்ஜைத் திறந்து நின்றபடியே ஒரு ஸ்பூன். மனைவி தோசைக்கு மிளகாய்ப்பொடி குழைக்க ஒரு கரண்டி. செலவு போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் சரிக்குச் சரி. ருசியாக இருந்தால் மிச்சம் பிடிக்க முடியாது என்பது பொருளாதாரத்தின் முதல் விதியாக இருக்க வேண்டியது. புத்தகம் எழுதியவர்கள் சமையலறைப் பக்கம் போகாததால் விட்டுவிட்டார்கள்.

இங்கேதான் ஆயாவின் நிம்மதி விளங்குகிறது. ஓடு இருந்தது, ஓட்டுக்குள் தோல் இருந்தது. ஒவ்வொரு பயிறுக்கும் விரல் ஒரு வேலை செய்தாக வேண்டும். ஒரு படி காயை நடுவில் கொட்டிக்கொண்டு ஐந்து பேர் உட்கார்ந்தால் ராத்திரி பத்து மணி வரை வரும். அதற்குள் ஊர் வம்பும், இரண்டு பழைய சண்டையும், ஒரு சம்பந்தப் பேச்சும் முடிந்துவிடும். கடைசியாக வாயில் போட்டது சொத்தையாக இருக்கும். உங்களுக்கும் அப்படித்தானே? எந்தப் பொட்டலத்திலும் அந்தக் கசப்பு கடைசிக் கடலைக்கென்றே காத்திருக்கும். அதைத் துப்பிவிட்டு, வாய் ருசியை மாற்ற இன்னொன்று உண்டா என்று காகிதத்தின் மடிப்பைத் தடவுவோம். ஜாடியில் சொத்தை கிடையாது, ஓடு கிடையாது, தோல் கிடையாது, கூட உட்கார ஆளும் தேவையில்லை. நிறுத்தச் சொல்ல எதுவுமே இல்லாததால் ஸ்பூன் நிற்பதில்லை.

பீனட் பட்டரில் காசு மிச்சம் பிடிப்பது எப்படி என்று யாராவது கேட்டால், இரண்டு காலத்தையும் கண்டவன் என்ற முறையில் என் தீர்ப்பு இது: அரைக்காதீர்கள். சித்திரையிலோ ஐப்பசியிலோ புதுக்காய் வரும்போது ஓட்டோடு வாங்குங்கள். வறுத்தோ, உப்புப் போட்டு அவித்தோ, வீட்டிலுள்ளவர்களை எல்லாம் கூப்பிட்டு நடுவில் கொட்டுங்கள். ஆளுக்குக் கால்படிக்கு மேல் யாராலும் தின்ன முடியாது, நகம் வலிக்கும்.